வெயிலும் மழையும் படும் முற்றத்துக்கு எந்த கிரவுட்?

எங்கள் வீடு நாகர்கோவிலில். முன்னால் வண்டி நிற்கும் இடத்தையும் சேர்த்து 300 சதுர அடிக்கு 20 எம்.எம். கனமுள்ள போர்சிலின் டைல்ஸ் போட்டிருக்கிறோம். இரண்டடிக்கு இரண்டடி, சாம்பல் நிறம், வழுக்காத சொரசொரப்பு. டைல்ஸில் குறையில்லை. டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும் கலவைதான் கிரவுட். எதை நிரப்புவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

மேஸ்திரிக்கு இடைவெளி விடவே மனசில்லை. "ஒட்டிப் போட்டு வெள்ளை சிமெண்ட் தேய்ச்சிட்டா போதும்க்கா" என்றார். வீட்டுக்குள்ளே எப்படியோ போகட்டும், வெளியே அது ஆகாது. போர்சிலின் அரை சதவீதம்கூட தண்ணீர் குடிக்காது. அதன் வழவழத்த ஓரத்தில் வெறும் சிமெண்டுக்குப் பிடிமானம் கிடையாது. காயும்போது சுருங்கி முடிக்கீறல் விடும். எங்கள் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கீறலில் இறங்கிய தண்ணீர் அடியிலிருந்து உப்பைக் கிளப்பும், மேலே பாசி பிடிக்கும். டைல்ஸுக்கு நடுவில் 5 எம்.எம். ஸ்பேசர் (இடைவெளி விட வைக்கும் சின்னத் துண்டு) வைத்தே ஆகவேண்டும் என்று நின்றேன்.

கடைக்காரர் எபாக்சிதான், அதாவது பிசினில் செய்த கிரவுட்தான் என்று சாதித்தார். சமையலறை மேடைக்கும் குளியலறைக்கும் எபாக்சியை மிஞ்ச ஆளில்லை. மஞ்சளும் எண்ணெயும் ஒட்டாது. ஆனால் நாளெல்லாம் வெயில் அடிக்கும் இடத்தில் சாதாரண எபாக்சி நாளாக நாளாக மஞ்சளிக்கும், வெளிர் நிறமென்றால் பளிச்சென்று தெரியும். கலந்த கலவை வெயில் சூட்டில் சட்டென்று இறுகிவிடும். இதைவிடப் பெரிய தலைவலி துடைப்பது. சொரசொரப்பான டைல்ஸின் குழிகளில் பிசின் படிந்து காய்ந்துவிட்டால், யார் உட்கார்ந்து சுரண்டுவது? விலையும் பல மடங்கு.

கடைசியில் வாங்கியது மாப்பே கம்பெனியின் அல்ட்ராகலர் பிளஸ், சிமெண்ட் சாம்பல் நிறம். பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட். பையில் சிஜி2டபிள்யூஏ (CG2WA) என்று போட்டிருக்கும்: தண்ணீர் குறைவாக உறிஞ்சும், தேய்மானம் தாங்கும் என்று அர்த்தம். எந்தக் கம்பெனி வாங்கினாலும் இந்த எழுத்துகளைத் தேடுங்கள். இது 2 முதல் 20 எம்.எம். இடைவெளி வரைக்கும் போகும். உள்ளூரில் ஸ்டாக் இல்லை, சொல்லி வைத்துத்தான் வரவழைத்தோம்.

கலந்த பிறகு கிடைக்கும் நேரம் 20, 25 நிமிடம்தான், அதுவும் 23 டிகிரியில். நம் ஊரில் 23 டிகிரியை எங்கே பார்ப்பது! விடியற்காலையில் ஆரம்பித்து, சின்னச் சின்ன அளவாகக் கலந்து, வெயில் ஏறுவதற்குள் நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே செய்தார். தண்ணீரையும் கண்ணளவில் ஊற்றவிடாமல் பையில் போட்ட அளவுக்கு அளந்தே கொடுத்தேன். தண்ணீர் கூடினால் நிறம் திட்டுத்திட்டாகும்.

அளவு விஷயத்தில் கடைக்கணக்கை நம்பாதீர்கள். அவர்கள் மனதில் இருப்பது 9 எம்.எம். டைல்ஸும் 3 எம்.எம். இடைவெளியும். அதற்கு சதுர அடிக்கு 13 கிராம் போதும். 20 எம்.எம். கனம், 5 எம்.எம். இடைவெளி என்றால் கிட்டத்தட்ட 50 கிராம். 300 சதுர அடிக்கு 15 கிலோ. சேதாரத்துக்குத் தனியாக வாங்குங்கள், எல்லாப் பையும் ஒரே பேட்ச் எண்ணாகப் பார்த்து.

இரண்டு மழையும் பார்த்தாகிவிட்டது. தண்ணீர் இன்னும் முத்து முத்தாக நிற்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கவில்லை. வண்டி ஏறி இறங்கும் இடத்திலும் உதிரவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் நிழலில் மட்டும் பச்சை படிகிறது. வாட்டம் சரியில்லாத மூலை அது, கிரவுட் என்ன செய்யும்? பிரஷ் போட்டால் போய்விடுகிறது.

ஒன்றை மட்டும் கிரவுட்டின் தலையில் கட்டாதீர்கள். வெயிலில் டைல்ஸ் விரியும். திறந்தவெளியில் 8 முதல் 12 அடிக்கு ஒரு இடைவெளியை ரப்பர் போல நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும் என்கிறது வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கையேடு. சுவரைத் தொடும் ஓரங்களுக்கும் அதேதான். நாங்கள் பாலியூரிதேன் சீலன்ட் அடித்தோம். நிறம் கிரவுட்டோடு அச்சாகப் பொருந்தவில்லை. உற்றுப் பார்த்தால் அந்த வரிகள் ஒரு சாயல் கறுப்பாகத் தெரியும். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பரவாயில்லை.