முடி உதிர்வுக்கு மாத்திரை: சில வருடங்கள் விழுங்கிய பிறகு

சென்னையில் யாருக்கு முடி கொட்டினாலும் முதல் குற்றவாளி போர் தண்ணீர், அடுத்தது ஹெல்மெட். எங்கள் வீட்டுத் தீர்ப்பும் அதுதான். அண்ணா நகரில் நான் பார்த்த தோல் டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. உச்சியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எந்த வயசுல வழுக்கை விழுந்தது?" என்றார்.

பரம்பரை வழுக்கை. தினம் ஒரு ஃபினாஸ்டிரைடு, 1 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுவதை இது குறைக்கிறது; முடிவேரைச் சுருக்குவது அந்த டிஎச்டிதான். அமெரிக்காவில் 1997-லேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. வருடம் திரும்பியபோது பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் உச்சி கொஞ்சம் அடர்ந்திருந்தது. நெற்றியோரம் போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றும் மாத்திரை இது. அதற்கு மேல் வந்தால் லாபம்.

பக்கவிளைவுதான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் விஷயம். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு பாதிக்கும், மனம் சோரும். தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. எனக்கு எதுவும் வரவில்லை, அதை வைத்து உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பிறகு குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரையும் சேர்ந்தது. அடிப்படையில் பிரஷர் மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. ஆரம்பத்தில் சில வாரம் கூடுதலாகக் கொட்டியது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இதில்தான் கிடைத்தது, காது மடல் உட்பட! சிலருக்குக் கணுக்கால் வீங்கும், படபடப்பு வரும். அதனால்தான் டாக்டர் முதலில் பிபி பார்த்தார். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவது சரியில்லை.

டெங்கு வந்து மூன்று மாதம் கழித்து அக்காவுக்குக் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. "உன் மாத்திரைல ரெண்டு குடுடா" என்றாள். கொடுக்கவில்லை. பெரிய காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பின் இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் தானே நிற்கும். தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்ததில் இரும்பு குறைவு. அதற்கு மட்டும் மாத்திரை. முடி திரும்ப வந்துவிட்டது. கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த ஃபினாஸ்டிரைடைக் கையால் தொடவும் கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

மச்சானுக்கு வந்தது புழுவெட்டு, காசு அளவில் வட்டமாக. புழுவும் இல்லை ஒன்றும் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. ஃபினாஸ்டிரைடுக்கு அங்கே வேலையில்லை. அவருக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். தலை முழுக்கப் பரவினால் பாரிசிட்டினிப் மாத்திரை உண்டு, 2022-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. டிபி இருக்கிறதா என்று சோதித்த பிறகே தொடங்குவார்கள்.

நான் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும், ஆகவே மாதச் செலவில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ரத்த தானத்துக்குப் போனால் ஃபினாஸ்டிரைடு சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள், ரத்தம் கர்ப்பிணிக்கும் ஏறலாம். வயதானவர்கள் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்கு முன்பும் சொல்ல வேண்டும்: இந்த மாத்திரை அந்த எண்ணை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும்.