செங்கோட்டை பழைய சாமான் கடை: உறைக்கு ஒரு விலை, காகிதத்துக்கு ஒரு விலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் துப்பாக்கி கிடைக்காது. கேட்டால் கடைக்கார அண்ணாச்சிக்குக் கோபம் வரும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்ளி, என்ஃபீல்டு ரிவால்வர்கள் .455, .38 காலிபர், அதாவது குழல் அளவு. ஜெர்மன்காரனின் லூகர், வால்தர் பி38 பிஸ்டல்கள் 9 மி.மீ. நம் நாட்டில் இதெல்லாம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள வழியில்லை. லைசென்ஸ் இருந்தாலும் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டுதான். அமெரிக்காவில் ஒருத்தர் சுவர் நிறைய மாட்டி வைத்திருப்பதைப் போனில் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அதனால் என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியைச் சுற்றி இருந்ததைச் சேர்க்கிறோம்: உறை, துப்பாக்கி கீழே விழாமல் கட்டி வைக்கும் லேன்யார்டு கயிறு, குழல் துடைக்கும் கம்பி, பழைய லைசென்ஸ் புத்தகம், படையில் கொடுத்த சம்பளப் புத்தகம்.

கடை புளியரை போகும் ரோட்டில், இரும்புக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே. போர்டு கிடையாது. வாசலில் பித்தளை அண்டாவும் மரத் தொட்டிலும் கிடக்கும், அதுதான் அடையாளம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். ஆரியங்காவு தாண்டி மலைமேல் எஸ்டேட் பங்களாக்கள் காலியாகும்போது அங்கிருந்தும் டிரங்குப் பெட்டிகள் இறங்கி வரும். அப்படி வந்த பெட்டிகளில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை போட்ட காகிதங்கள் கட்டுக்கட்டாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் வாங்கியது பிரிட்டிஷ் படையின் 1937 பேட்டர்ன் கான்வாஸ் துப்பாக்கி உறை. அண்ணாச்சி ஒரே மாதிரி இரண்டை மேசையில் போட்டார். இரண்டிலும் பின்னால் பெல்ட்டில் மாட்டும் பித்தளைக் கொக்கிகள், உள்ளே துடைக்கும் கம்பிக்கான ஒடுக்கமான பை, மூடியின் உட்புறம் அரசாங்கச் சொத்து என்று காட்டும் மங்கிய அம்பு முத்திரை, 1942. ஒன்றுக்கு 2,500 சொன்னார், இன்னொன்றுக்கு 9,000. பார்வைக்கு 2,500 ரூபாய் உறைதான் அழகு. கான்வாஸ் வெளிறவில்லை, தையல் பிரியவில்லை. மற்றதில் எலி கடித்த ஓட்டை வேறு.

விலை வித்தியாசம் 9,000 ரூபாய் உறையோடு வந்த காகிதக் கவருக்குள் இருந்தது. அதைத்தான் வாங்கினேன். எஸ்டேட் மானேஜர் ஒருவரின் லைசென்ஸ் புத்தகம், துப்பாக்கியின் தயாரிப்பும் எண்ணும் எழுதிய பக்கத்தோடு. பிறகு அதே எண்ணைக் குறிப்பிட்டு, துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்ததற்கான ரசீது. கான்வாஸின் உள்மடிப்பில் மையில் எழுதிய பெயர், லைசென்ஸில் இருக்கும் அதே பெயர். கோர்ட்டில் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்த்தவன் நான். எண் பொருந்துகிற இரண்டு காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"அப்போ இது அந்த ரிவால்வரோட உறைதானே அண்ணாச்சி?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஒரே பெட்டியில கெடந்துச்சு. பேரு ஒண்ணு. அம்புட்டுதான்."

பில்லிலும் அதையே எழுதினார். எந்த ஏலத்தில் வாங்கினார், உடன் என்னென்ன காகிதம், எது பொருந்துகிறது, எது தெரியாது என்று நாலு வரி. இந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

மேலே ஒன்று நானே சேர்த்துக்கொள்கிறேன். லைசென்ஸில் எழுதியிருப்பது என்ஃபீல்டு. போர்க்கால என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1 ஸ்டாரில் சுத்தியலுக்குப் பின்னால் கட்டைவிரல் வைக்கிற கொம்பு இருக்காது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எதிலும் மாட்டக்கூடாது என்று வெட்டிவிட்டார்கள். என் உறையின் மூடியில், கொம்பு உரசுகிற இடத்தில் தேய்மானமே இல்லை. விலை குறைந்த உறையில் அதே இடம் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. இது சாட்சி ஆகாது, ஆனால் ராத்திரி லென்ஸை வைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இதே கணக்குத்தான் போடுகிறார்கள். ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய், எதிரியிடம் பிடித்த பிஸ்டலைக் கொண்டுபோக அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வைத்திருப்பான். சீட்டில் வெறுமனே 'ஒரு பிஸ்டல்' என்று இருந்தால் ஒரு விலை, சீரியல் எண் இருந்தால் வேறு விலை. கோல்ட் கம்பெனி பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தரும், ஆனால் அது பெரும்பாலும் துப்பாக்கி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதோடு நின்றுவிடும். அதற்கப்புறம் அதை யார் சுமந்தார் என்பதற்கு வேறு காகிதம் வேண்டும். இங்கேயே பாருங்கள், பகத்சிங்கின் .32 கோல்ட் பிஸ்டல் இந்தோரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் மற்ற துப்பாக்கிகளோடு பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அது யாருடையது என்று ஊருக்குத் தெரிந்தது. எண் பதிவாகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அது ஒரு பழைய இரும்புதான்.

நம் பக்கத்தில் காகிதத்தை விடக் கதைக்குத்தான் கிராக்கி. இது வாஞ்சிநாதன் ஊர் வேறு, சொல்ல வேண்டுமா. மணியாச்சியில் 1911-ல் வெடித்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல் என்பார்கள், ரிவால்வர் இல்லை, ஆனால் துருப்பிடித்த நாட்டு ரிவால்வர் உறையைக்கூட 'வாஞ்சி காலத்துச் சாமான்' என்று நீட்டுகிறவர்கள் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில், நேதாஜியின் ஐ.என்.ஏ. படை அதிகாரியின் உறை என்று ஒன்றைக் காட்டி 40,000 கேட்டார்கள். என்ன ஆதாரம் என்றால், "ஞங்ஙள் கள்ளம் பறயுமோ சாரே" (நாங்கள் பொய் சொல்வோமா சார்) என்று டீ வரவழைத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி கடையிலும் குறை இல்லாமல் இல்லை. தோல் சாமான் எது வந்தாலும் தேங்காய் எண்ணெயைப் பூசிவிடுகிறார். பளபளப்பு வரும், முத்திரை போய்விடும். ஜப்பான்காரனின் டைப் 14 நம்பு பிஸ்டலுக்கான தோல் உறை ஒன்று இருக்கிறது, சிப்பி போல வளைந்த மூடி, உள்ளே தோட்டாவுக்குத் தனிப் பை. பர்மா போன குடும்பத்திலிருந்து வந்ததாம். துப்பாக்கியே இருந்தால் உடம்பில் ஷோவா ஆண்டும் (ஜப்பான் மன்னர் ஆட்சிக் கணக்கு) மாதமும் இருக்கும், 18.6 என்றால் 1943 ஜூன். இங்கே உறை மட்டும், அதிலும் எண்ணெய் ஊறி ஒரு எழுத்தும் தெரியவில்லை. பித்தளையையும் பிராஸோ போட்டுத் தேய்க்கிறார். வேண்டாம் என்று சொன்னால் "அழுக்கோட வித்தா எவன் வாங்குவான்" என்கிறார். வெளிச்சம் போதாது, டார்ச் கொண்டு போங்கள். பேரம் பேசினால் நூறு இருநூறு குறைப்பார். காகிதம் சேர்ந்த சாமானுக்கு அதுவும் கிடையாது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் அவரே இருப்பார். பகலில் பையன் இருப்பான், அவனுக்கு அண்டா விலை மட்டும்தான் தெரியும். வாசலில் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாமல் உள் அறையில் இருக்கும் பச்சைப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நம்பு உறைக்கு 18,000 சொல்கிறார். குடும்பத்தாரிடம் சம்பளப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை நீங்கள் பாருங்கள்.