உப்பு மெருகேற்றிய பழைய அமெரிக்க ஜாடி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நியூயார்க் மாநிலத்தில் ஒரு பழம்பொருள் ஏலத்தில் வாங்கிய 19ஆம் நூற்றாண்டு ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் கெட்டியாகச் சுட்ட களிமண்) ஜாடியில், பல ஆண்டுகளாக முட்டைக்கோஸைப் புளிக்க வைத்து வருகிறேன். அதன் தோளில் கோபால்ட் நீலத்தில் எழுதப்பட்ட 2 என்ற எண் காலன் கொள்ளளவைக் குறிக்கிறது, ஏறத்தாழ 7.5 லிட்டர்.

இத்தகைய ஜாடிகளைச் சுடும் சூளை நன்கு கனன்று 1,200 டிகிரி செல்சியஸை எட்டும் நிலையில் குயவர்கள் உப்பை உள்ளே வீசுவார்கள். அதிலிருந்து ஆவியாகும் சோடியம், களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடி, ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகளுடன் கண்ணாடிப் படலமாகப் படியும். பழைய செம்மண் பாண்டங்களுக்குப் பூசிய ஈய மெருகு இதற்குத் தேவையில்லை என்பதுதான், புளிப்பும் உப்பும் மிகுந்த உணவுக்கு இந்த ஜாடிகள் விரும்பப்பட்டதற்கு முக்கியக் காரணம். உப்பாவி உட்புறத்தைச் சரியாக எட்டாததால், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பகுதியில் தோண்டிய களிமண்ணைக் கரைத்து உள்ளே பூசினார்கள். என் ஜாடியின் உட்புறம் இன்றும் வழவழப்பான அடர் பழுப்பாக இருக்கிறது.

சுமார் 4.5 கிலோ முட்டைக்கோஸை அதன் எடையில் 2 முதல் 2.5 சதவீத உப்புடன் பிசைந்து, சாறு மேலெழும்வரை அழுத்தி, தட்டும் பாரமும் வைத்துவிடுவேன். 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்களில் பதமாகிவிடும். தடித்த சுவர் இரவு பகல் வெப்ப மாற்றத்தை மெதுவாகவே உள்ளே விடுவதால் புளிப்பு சீராக வருகிறது. இருப்பினும், திறந்த வாயில் அடிக்கடி வெண்படலம் கட்டும், அதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பில் நீர் நிறுத்தும் புதிய ஜாடிகளில் இந்த வேலை மிகக் குறைவு.

வாங்குவோர் அழகைவிட ஓசையைக் கவனிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். மயிரிழை விரிசலில் இறங்கும் உப்புநீர் வெளிப்புறத்தில் உப்பாகப் பூத்து, நாளடைவில் மெருகையே பெயர்த்துவிடும். கிருமிகளும் அங்கே தங்கும். அத்தகைய ஜாடியில் மரக்கரண்டிகளைப் போட்டு வைக்கலாம், உணவு வைக்கக் கூடாது. பழைய கொழுப்பு நாற்றமோ இனந்தெரியாத கறையோ உள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் ஊரில் செய்த, பறவையும் மானும் தீட்டிய ஜாடிகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பார்கள். சமையலறைக்கு ஓவியமில்லாத எளிய ஜாடியே போதும்.