எலெக்ட்ரிக் யெல்லோ, உப்புத் தண்ணீர், ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர்: இரண்டே முக்கால் வருட அனுபவம்

மீன் தொட்டி ஃபில்டரில் தண்ணீரை இழுத்துத் தள்ளும் சின்ன விசிறிக்கு இம்பெல்லர் என்று பெயர். அதை மாற்றுவது இது மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்கே போய்விட்டது. கையில் வினிகர் வாடை போவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, பொங்கலுக்கு வந்தப்போ பார்த்தேனே, அதே மாதிரி தொட்டி நானும் வைக்கலாம்னு இருக்கேன். அதே மீன், அதே ஃபில்டர் வாங்கிடட்டுமா?" போனில் நான் சொன்னதில் பாதி கோபம். அது ஃபில்டருக்கும் நியாயமில்லை, அவனுக்கும் உதவாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர். மீன் எலெக்ட்ரிக் யெல்லோ, பெயருக்கேற்ற மஞ்சள் நிறம். சென்னை கொளத்தூரில் ஒன்றரை இஞ்ச் குட்டிகளாக எட்டு வாங்கினேன். ஒன்று முதல் மாதமே போனது. மீதியில் இரண்டு ஆண், ஐந்து பெண். இது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் சின்னதில் இவற்றில் ஆண் பெண் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஆற்று மணல், கற்கள், கழுத்து உடைந்த மண்பானைகள். செடி இல்லை.

இப்போது தண்ணீர். மேடவாக்கம் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர்தான். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 700-ஐ ஒட்டிக் காட்டும், பிஎச் 8-க்கு மேல். பக்கெட்டில் வெள்ளைப் படிவு, ஷவரில் அடைப்பு, வருடத்துக்கு ஒரு கீசர் காயில். இந்தத் தண்ணீரில் நான் முதலில் வளர்த்தது ஏஞ்சல் மீன். ஜோடி சேர்ந்தது, முட்டையும் போட்டது. ஆனால் முட்டைகள் வெளுத்து, பூஞ்சை பிடித்து, ஆறு தடவையும் வீணாயின. ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீருக்குப் பிறந்தது. ஆர்ஓ தண்ணீர் கலந்தால் சரியாகும் என்றார்கள். வாரம் நாற்பது லிட்டர் ஆர்ஓ பிடித்து, அதற்காக நூறு லிட்டருக்கு மேல் கழிவாக ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

எலெக்ட்ரிக் யெல்லோவின் ஊர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அந்த ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஎச் 8-ஐத் தொடும். வீட்டில் எல்லோரும் திட்டித் தீர்க்கிற தண்ணீர் இந்த மீனுக்குப் பிறந்த வீடு மாதிரி. நான் எதையும் கலக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. போர் தண்ணீரில் குளோரின் கிடையாது என்பதால் அதற்கான மருந்துச் செலவும் இல்லை. ராத்திரி டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, காலையில் மாற்றுவேன். இந்த இனத்தில் தாய் முட்டைகளை வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். எட்டாவது மாதத்தில் முதல் தடவையாக ஒரு பெண் வாயில் முட்டை வைத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முட்டையிடுவதை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். ஆண் உடம்பை உதறிக்கொண்டே பெண்ணைப் பானை ஓரத்துக்குக் கூட்டி வந்தது. ஒன்றின் வால் பக்கம் மற்றொன்றின் தலை இருக்கும்படி இரண்டும் செக்கு மாதிரி சுற்றின. பெண் ஒரு முட்டையை மணலில் விட்டது, உடனே திரும்பி அதை வாயில் எடுத்துக்கொண்டது. அப்புறம் ஆணின் வயிற்றடியில் வாயை வைத்தது. கருவுறுவது வாய்க்குள்ளேதான். மறுபடி சுற்று, மறுபடி ஒரு முட்டை. பச்சைப் பட்டாணியைவிடச் சிறியது, ஆரஞ்சு கலந்த மஞ்சள். முக்கால் மணி நேரத்தில் பதினெட்டு எண்ணினேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பெண் எதையும் சாப்பிடவில்லை. தாடை உப்பியிருக்கும், வாய் முழுதாக மூடாது. சில நொடிகளுக்கு ஒருமுறை மெல்லுவது போல அசைக்கும். முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படுவதற்காக உள்ளேயே அவற்றைப் புரட்டிக்கொடுக்கிறது. தீவனம் போட்டதும் மற்றவை முண்டியடித்து மேலே வரும். இது பானைக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வாரத்தில் வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கு இன்றுவரை கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நம் ஏரிகளில் இருக்கும் ஜிலேபி கெண்டையும் இதே குடும்பம், இதே பழக்கம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. சின்ன வயதில் ஊர் ஏரியில் தாத்தா வலை இழுத்தபோது, ஒரு ஜிலேபியின் வாயிலிருந்து பொடிப்பொடியாகக் குஞ்சுகள் கரையில் கொட்டின. தாத்தா அந்தத் தாயையும் குஞ்சுகளையும் அள்ளித் தண்ணீரிலேயே விட்டார். ஏன் விட்டார் என்று அன்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

முதல் தடவை முட்டை வைக்கும் பெண் நாலைந்து நாளில் விழுங்கிவிடுவது சகஜம். எனக்கும் இரண்டு தடவை அப்படி ஆனது. பதினெட்டாம் நாள் வாக்கில் தாயை மெதுவாகப் பிடித்து, இரண்டடித் தொட்டிக்கு மாற்றுவேன். அங்கே ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். சிலர் தாயின் வாயைத் திறந்து குட்டிகளைக் கொட்ட வைக்கிறார்கள். நான் செய்வதில்லை. மூன்று வாரம் பட்டினி கிடந்தது, வாயை எப்போது திறப்பது என்று அதுவே முடிவு செய்யட்டும். வெளியே வரும்போது குட்டிகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ஏஞ்சல் குஞ்சுக்கு ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் வகையைப் பொரித்துக் கொடுத்து அல்லாட வேண்டும். இவை முதல் நாளே பொடித்த ஃப்ளேக் தீவனம் தின்னும். இதுவரை ஒன்பது ஈடு வளர்த்திருக்கிறேன். குட்டிகளைக் கடையில் கொடுத்துத் தீவனமாக வாங்கிக்கொள்கிறேன்.

சரி, ஃபில்டர். கண்ணாடி ஓரத்தில் தொங்கவிடுகிற வகை, 1,900 ரூபாய். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறது. சத்தம் இல்லை. கழுவுவதற்குத் தொட்டிக்குள் கை விட வேண்டாம். உறிஞ்சும் குழாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டால் குட்டி உள்ளே போகாது. உதிரி பாகமும் கடையில் கிடைக்கிறது.

குறை ஒன்றே ஒன்று. கரண்ட் போய் வந்தால் சில சமயம் மறுபடி ஓடாது. புதிதில் அப்படி இல்லை. மீனுக்கு ஆகிற அதே சுண்ணாம்பு, இம்பெல்லர் தண்டில் மெல்லிய வெள்ளைப் பூச்சாகப் படிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. நின்றால் பிடித்துக்கொள்ளும். 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தேய்க்கும்போது பீங்கான் தண்டு உடையும். உடைந்தால் 280 ரூபாய்.

மே மாதம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. இரண்டு மணிக்கு வந்தது, ஃபேன் சுற்றியது, நான் தூங்கிவிட்டேன். காலை ஆறரைக்குப் பார்த்தால் எல்லா மீனும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஃபில்டர் முனகிக்கொண்டிருந்தது. வெயில் காலத்துச் சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பெரியவை ஏழோடு, வளரும் குட்டிகளும் இருபதுக்கு மேல் இருந்தன. பிஎச் உயர்ந்த தண்ணீரில் அம்மோனியாவின் விஷமும் அதிகம் என்பதால், இந்த மீன்களுக்கு ஃபில்டர் நிற்பது இரட்டை ஆபத்து. பதினேழு நாள் வாயில் வைத்திருந்த பெண் மூச்சுக்காகக் குட்டிகளைத் துப்பிவிட்டிருந்தது. மஞ்சள் கருப் பை இன்னும் வயிற்றில் ஒட்டியிருந்த இரண்டு குட்டிகள் மணலில் கிடந்தன. மற்றவற்றை மற்ற மீன்கள் தின்றுவிட்டன. மறுநாள்தான் அந்தத் தாயைச் சின்னத் தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தேன். பெரிய மீன் எதுவும் சாகவில்லை. அந்தப் பெண் மட்டும் இரண்டு நாள், தீவனம் போட்டும் சாப்பிடாமல் பானை வாசலிலேயே நின்றது.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உன் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது, ஆனால் உப்பு குறைவு. உனக்கு ஏஞ்சல் பொரிக்கும், எனக்குப் பொரிக்காததெல்லாம் பொரிக்கும். எலெக்ட்ரிக் யெல்லோதான் வேண்டும் என்றால் தண்ணீரில் சுண்ணாம்பு ஏற கிளிஞ்சலோ பவளத்தூளோ ஃபில்டரில் போட்டு, டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கும்போது உடம்பில் கறுப்புக் கோடுகள் தெரிகிற மீனை விட்டுவிடு. பெரும்பாலும் வேறு மலாவி மீனோடு கலந்ததாக இருக்கும்.

ஃபில்டரைப் பொறுத்தவரை, உன் தண்ணீரில் சுண்ணாம்பு படியாது, அதனால் இந்தத் தொல்லை உனக்கு அநேகமாக வராது. இரண்டே முக்கால் வருடத்தில் என்னை அது கைவிட்டது நாலைந்து தடவைதான். எல்லாம் தெரிந்தே சொல்கிறேன், வாங்காதே. அந்தக் காலையை நான் பார்த்துவிட்டேன், இன்னொருவருக்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு நல்ல ஏர் பம்ப், மறக்காமல், கரண்ட் போனால் தண்ணீர் பம்ப்புக்குத் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. எல்லாம் சேர்ந்து அதில் பாதி விலைகூட ஆகாது. தண்ணீர் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, பரவாயில்லை.

நேற்றுக் காலை தீவனம் போட்டபோது அதே பெண் பானையை விட்டு வரவில்லை. தாடை உப்பியிருக்கிறது. சாயங்காலமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஹாலில் தொட்டிப் பக்கம் இருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தேன். அதில் ஏர் பம்ப்பை மாட்டி, பெரிய தொட்டியிலும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுவிட்டேன்.