பழைய கீ செயின் டார்ச்: ஒற்றை ஏஏஏ செல் மாடல்களை இன்றும் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்த வகைப் பழசு என்று பார்த்து வாங்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச்சில் முதலில் சாவது பேட்டரிதான். எல்இடி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதனால் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச் பத்து வருடம் பழசானாலும் புது செல் போட்டதும் நன்றாக எரியும். லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்து மூடிய யூஎஸ்பி டார்ச்சோ, பெட்டி பிரிக்காமல் கடை அலமாரியில் கிடந்தாலும் மூப்படைந்துவிடும். நைட்கோர் டியூப் போன்ற மைக்ரோ யூஎஸ்பி மாடல்கள் 2014 வாக்கில் வந்தபோது மிக நல்ல பொருள்தான். எடை 10 கிராமுக்குள், வெளிச்சம் 45 லூமென் (லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). இன்று அவற்றைப் பழைய ஸ்டாக்கில் வாங்கினால் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த சின்ன லித்தியம் செல்லின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் சார்ஜ் ஏறவே ஏறாது. அதை மாற்றவும் வழி வைக்கவில்லை. பழைய யூஎஸ்பி மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆகவே இங்கே பேச்சு, ரிமோட்டில் போடும் மெல்லிய ஏஏஏ செல் ஒன்றே ஒன்றில் எரியும் டார்ச்சுகளைப் பற்றித்தான், குறிப்பாக இரண்டைப் பற்றி. ஒன்று, 2008-இல் வந்த ஃபீனிக்ஸ் இ01. சுமார் 7 செ.மீ. நீளம், 1.4 செ.மீ. குறுக்களவு, நிச்சியா ஜிஎஸ் என்ற 5 மி.மீ. எல்இடி, ஒரே அளவு வெளிச்சம், 10 லூமென். இன்னொன்று, பின்னர் வந்த ஓலைட் ஐ3இ. அதே ஏஏஏ செல், அதே திருகு முறை, ஆனால் 90 லூமென். இரண்டிலும் பொத்தான் கிடையாது. தலையை இறுக்கினால் எரியும், தளர்த்தினால் அணையும். உடைவதற்கு ஸ்விட்ச் என்று ஒரு பாகமே இல்லாததுதான் இவை இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு முதல் காரணம்.

இந்த இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் எந்த செல் போடப் போகிறீர்கள் என்பதே முடிவு செய்யும். வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஏஏஏ செல்லில் இருப்பது 1.5 அல்லது 1.2 வோல்ட். இடையில் இருக்கும் சின்ன சர்க்யூட் மின்னழுத்தத்தை உயர்த்தித் தருகிறது. செல் இறங்க இறங்க, அதே வெளிச்சத்தைக் கொடுக்க அந்த சர்க்யூட் செல்லிலிருந்து இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இ01 இழுப்பது ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர்தான். சாதாரண அல்கலைன் செல் அதைச் சிரமமில்லாமல் தரும், பல மணி நேரம் எரியும். ஐ3இ 90 லூமென் கொடுக்க 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பில் அல்கலைன் செல்லின் உள்மின்தடையாலேயே மின்னழுத்தம் சரிந்துவிடும். அதன் கொள்ளளவில் பாதி கிடைப்பதே அரிது. ரிமோட்டோடு இலவசமாக வரும் கார்பன் ஜிங்க் செல்லைப் போட்டால் சில நிமிடத்திலேயே மங்கும். டார்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டுவோர் பலர் உண்மையில் செல்லைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

ஐ3இ-க்குச் சரியான துணை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல்: எனலூப் அல்லது அதைப் போலச் சும்மா கிடக்கையில் எளிதில் சார்ஜ் இறங்காத வகை, கொள்ளளவு 750 முதல் 800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) வரை. 1.2 வோல்ட் என்று எழுதியிருப்பதால் வெளிச்சம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். உள்மின்தடை குறைவு என்பதால் 1 ஆம்பியர் இழுக்கும்போது அல்கலைனைவிட இதுதான் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடிக்கும். 300 முதல் 400 மில்லி ஆம்பியரில், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்தும் சார்ஜரில் போட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் நிறையும்.

எப்போதோ ஒருமுறைதான் பயன்படும், சாவியோடு சும்மா தொங்கும் என்றால் லித்தியம் பிரைமரி செல், அதாவது ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் செல் போடுங்கள். எனர்ஜைசர் எல்92 அந்த வகை. எடை 7.6 கிராம்தான், அல்கலைன் 11 கிராமுக்கு மேல் வரும். பல வருடம் கிடந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காது, கசியும் வாய்ப்பும் மிகக் குறைவு. விலை அதிகம். ஆனால் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் டார்ச்சுக்கு இந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

10440 என்ற லித்தியம் அயான் செல் ஏஏஏ அளவிலேயே இருக்கும், மின்னழுத்தம் 3.7 வோல்ட். அதைப் போட்டால் வெளிச்சம் பல மடங்கு கூடும் என்று ஆசை காட்டுவார்கள். கூடும், உண்மைதான். ஆனால் உயர்த்தும் சர்க்யூட்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போய், செல்லின் மின்னோட்டம் கட்டுப்பாடின்றி எல்இடிக்குப் பாயும். சில நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாத சூடு ஏறும். இ01-இன் 5 மி.மீ. எல்இடி அதைத் தாங்காது. 1.5 வோல்ட் என்று விற்கும் யூஎஸ்பி லித்தியம் ஏஏஏ செல் வேறு. அதற்குள்ளேயே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சர்க்யூட் உண்டு. அதைப் போடலாம். கடைசி வரை ஒரே மாதிரி எரிந்துவிட்டு முன்னறிவிப்பில்லாமல் சட்டென்று அணையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய டார்ச்சுகளின் முதல் எமன் செல் கசிவு. அல்கலைன் செல் முழுக்க இறங்கிய பிறகும் சர்க்யூட் அதிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அழுத்தத்தில் சீல் திறந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும். அது அலுமினியத்தை நேரடியாக அரிக்கும். காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகவும் படியும். அதனால் இந்த டார்ச்சுகளில் அல்கலைன் போட்டிருந்தால், மங்க ஆரம்பித்த அன்றே செல்லை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் எரிகிறதே’ என்று விடக் கூடாது. மங்கலாகவே மணிக்கணக்கில் எரியும் இ01-இல் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கசிந்துவிட்டால் செல்லை உடனே எடுங்கள். உப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால் குழாயின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மரப்பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். வாலில் சாவி வளையத்துக்கான துளை இருக்கிறதே தவிர திறக்க மூடி கிடையாது என்பதால் பின்னாலிருந்து தள்ள வழியில்லை. பிறகு பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துப் பொருக்கின் மேல் தடவினால் நுரைத்துக் கரையும். அடுத்து தண்ணீரில் நனைத்த குச்சி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் திறந்து வைத்துக் காய விடுங்கள். பொருக்கு தலைப்பகுதியின் சர்க்யூட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தால் காப்பாற்றுவது கடினம்.

இரண்டாவது தொல்லை மினுக்கல். தலையை இறுக்கும்போது விட்டுவிட்டு எரிவது, தட்டினால் அணைவது. இந்த மாடல்களில் பெரும்பாலானவற்றில் குழாயின் வெறும் அலுமினிய விளிம்பு தலைக்குள் இருக்கும் உலோக வளையத்தைத் தொடும்போதுதான் சுற்று பூர்த்தியாகிறது. விளிம்பில் கறுப்பாகப் படியும் ஆக்சைடும் பழைய கிரீஸும் இடையில் நின்றால் மின்சாரம் தடைபடும். ஐ3இ 1 ஆம்பியர் இழுப்பதால் சிறு அழுக்குகூட அதில் தெரிந்துவிடும், இ01 பொறுத்துக்கொள்ளும். செல்லை எடுத்துவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த துணியால் விளிம்பையும் வளையத்தையும் துடையுங்கள். கறை போகவில்லையென்றால் பென்சில் அழிப்பானால் தேய்க்கலாம். உப்புத்தாள் கடைசி வழி, அதுவும் 1000-க்கு மேற்பட்ட நயம். அப்படியும் மினுக்கினால் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. தலையை முழுதாகக் கழற்றி, செல்லின் நேர்முனையைத் தலையின் நடுப்புள்ளியில் அழுத்திப் பிடித்து, ஒரு சிறு கம்பியால் எதிர்முனையை வெளிவளையத்தோடு இணையுங்கள். இப்போது சீராக எரிந்தால் தலை நன்றாக இருக்கிறது, குறை குழாயிலோ திருகிலோதான். எரியாவிட்டால், நல்ல செல்லும் போட்டிருந்தால், சர்க்யூட் போய்விட்டது. சில ரீசார்ஜபிள் செல்களின் நேர்முனைக் குமிழ் தட்டையாக இருந்து தொடர்பே ஏற்படாமல் போவதும் உண்டு. அதற்கு வேறு நிறுவனத்தின் செல்லைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தலை தொலைவது. இதற்குத்தான் அதிகம் எச்சரிக்கை வேண்டும். சாவி வளையம் மாட்டியிருப்பது வாலில். பையில் சாவிகளோடு உருளும்போது தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒரு நாள் தலையும் செல்லும் விழுந்து, வெறும் குழாய் மட்டும் சாவியில் தொங்கும். இதைத் தடுப்பது கழுத்தில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தின் பிடிப்புதான். அது காய்ந்து தட்டையாகிவிட்டால் தலை லூசாகச் சுற்றும், தண்ணீரும் உள்ளே போகும். பழைய டார்ச் எது வாங்கினாலும் ஓ ரிங்கை மாற்றிவிடுங்கள். பழைய வளையத்தைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில், அல்லது கம்பி தடிமன் இம்மியளவு கூடுதலாக நைட்ரைல் ரப்பரில் வாங்கலாம். சிலிகான் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். அணைக்கும்போது வெளிச்சம் நின்ற இடத்திலிருந்து மேலும் அரைச் சுற்று தளர்த்தினால் போதும். அதற்குக் குறைவாக விட்டால் பாக்கெட்டில் அழுத்தம் பட்டுத் தானாக எரியும். கூடுதலாக விட்டால் தலை கழலும்.

இனி வெளிச்சம். இ01-இன் 10 லூமென் என்பதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மின்சாரம் போன வீட்டில் படி இறங்க, பூட்டின் துளையைப் பார்க்க, கட்டிலுக்கு அடியில் தேட அது தாராளம். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவும் வைக்காது. வயரின் நிறம் பார்க்கத்தான் உதவாது. நீலம் தூக்கிய வெளிச்சம் பழுப்பையும் சிவப்பையும் குழப்பும். ஐ3இ-இன் வெளிச்சம் அதைவிட வெண்மை, நடுவில் குவிந்து சுற்றிலும் மென்மையாகப் பரவும். அதன் 44 மீட்டர் தூரம் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டார்ச்சுகளை அளக்க 2009-இல் வந்த ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரப்படி, முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தூரம் அது. ஒரு பொருளை அடையாளம் காண வேண்டுமென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 15 மீட்டர் என்று வையுங்கள். எரியும் நேரத்திலும் இப்படித்தான்: வெளிச்சம் தொடக்கத்தின் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரத்தையே அந்தத் தரம் கணக்கிடுகிறது. இ01-க்கு எழுதியிருக்கும் 21 மணி நேரத்தில் பின்பாதி மங்கல்தான். ஐ3இ முழு வெளிச்சத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கும். ஒரே அளவு என்பதால் அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது. இரவு முழுக்க மின்வெட்டு இருக்கும் இடத்துக்கு ஐ3இ தனியாகப் போதாது.

வேறு பழசுகளில் ஆசைப்பட வேண்டியது அதிகமில்லை. பல்பு வைத்த மேக்லைட் சாலிட்டேர் 2 லூமென்தான். அதையே எல்இடி வைத்து வந்த பிந்தைய மாடலாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். பட்டன் செல்லில் எரியும் ஃபோட்டான் வகை விளக்குகள் எடையே தெரியாதவை. ஆனால் செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பட்டன் செல்லைத் திறந்து மாற்றும் பொருளே வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் தலையைக் கழற்றி முதலில் குழாயின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். திருகுப் பற்கள் தேய்ந்து தலை பக்கவாட்டில் ஆடினால் எந்த ஓ ரிங்கும் காப்பாற்றாது. சாவி வளையத் துளை ஓரம் மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியத்தை இரும்பு வளையம் வருடக்கணக்கில் அறுத்திருக்கும். மேல்பூச்சு உரிந்திருப்பது, லென்ஸில் மெல்லிய கீறல் இருப்பது இரண்டும் பொருட்டில்லை. நல்ல ரீசார்ஜபிள் செல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு, எரியவிட்டு, சுண்டுவிரலால் பத்துத் தடவை தட்டி மினுக்குகிறதா, அணைகிறதா என்று பாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை புது மாடலை ஒப்பிட்டே பேரம் பேசுங்கள். ஃபீனிக்ஸே இ01 வி2.0 என்று 100, 25, 5 லூமென் என மூன்று அளவில் புதிதாகக் கொண்டுவந்தது. அதே ஏஏஏ செல், அதே திருகு. முதல் டார்ச் வாங்குபவருக்கு அதுதான் பொருத்தம். 5 லூமென் இருப்பதால் பழைய இ01 செய்த வேலையையும் அது செய்யும். பழைய இ01-ஐப் புது மாடலின் விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாதி விலைக்கு, கசிவுத் தடமில்லாமல் கிடைத்தால் எடுத்து, ஓ ரிங் மாற்றி, எல்92 போட்டு, வண்டிச் சாவியில் மாட்டிவிடலாம். ஐ3இ-ஐ வீட்டில் ஏற்கெனவே ஏஏஏ ரீசார்ஜபிள் செல்லும் சார்ஜரும் வைத்திருப்பவர் மட்டும் வாங்குங்கள். அவை இல்லாதவருக்குச் செல்லும் சார்ஜரும் சேர்த்து வரும் செலவு டார்ச்சின் விலையைத் தாண்டிவிடும்.