சூடாகாத ஆம்ப் வேண்டும்: ஏபியா, டியா?

ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அதிகபட்ச வாட்ஸ். சூட்டைப் பொறுத்தவரை அந்த எண் பெரிதாக உதவாது. 87 டெசிபல் சென்சிடிவிட்டி கொண்ட ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே, 1 மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும். சாதாரணப் பேச்சை விட நல்ல உரக்க. வீட்டில் பெரும்பாலான நேரம் நாம் கேட்பது ஓரிரு வாட்டுக்குள்தான். ஆகவே பெட்டியைச் சுட வைப்பது, அது சும்மா இருக்கும்போதே இழுக்கிற மின்சாரம்.

ஆம்ப் சர்க்யூட் வேலை செய்யும் விதத்தை வைத்து கிளாஸ் ஏ, ஏபி, டி என்று வகை பிரிப்பார்கள். இதில் கிளாஸ் ஏ இந்தப் போட்டியிலேயே இல்லை. சேனலுக்கு 25 வாட் தரும் புஷ்-புல் (இரண்டு டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து ஸ்பீக்கரை ஓட்டும்) ஏ ஆம்ப், பாட்டே ஓடாதபோதும் இரண்டு சேனலுக்கும் சேர்த்துக் குறைந்தது 100 வாட்டை வெப்பமாக விட்டுக்கொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், சத்தத்தைக் கூட்டினால்தான் அதன் சூடு கொஞ்சம் தணியும்.

கிளாஸ் ஏபியின் திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு, 78 சதவீதம் வரை போகும் என்பார்கள். ஆனால் அது முழு சத்தத்தில் வரும் கணக்கு. மெதுவாகக் கேட்கும்போது பயாஸ் மின்னோட்டம்தான் (டிரான்சிஸ்டர்களைத் தயாராக வைக்க எப்போதும் ஓடுவது) பெரும்பங்கைத் தின்கிறது. திறந்த மேசையில் வைத்தால் பிரச்சினை இல்லை. கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பாவம்: வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏபியின் பலம் வேறு இடத்தில்: பழுதானால் பல நேரம் டிரான்சிஸ்டரை மாற்றிச் சரிசெய்துவிடலாம், எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஆம்ப் தரும் சிக்னல் பெரிதாக மாறாது. கிளாஸ் ஜியும் எச்சும் இதன் உறவினர்கள்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது குறைந்த வோல்டேஜில் ஓடுவதால் சூடு குறையும், சர்க்யூட் சிக்கலாகும்.

கிளாஸ் டி என்றதும் டிஜிட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, ‘சி’ என்ற எழுத்துக்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் சுவிட்சுகள். மின்சாரம் பாயும்படி முழுதாகத் திறந்தால் அவற்றின் மீது வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை. மூடினால் மின்னோட்டம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தானே சூடு? முழு சத்தத்தில் 90 சதவீதத் திறன் சாதாரணம். சும்மா இருக்கும்போதும் பல மாடல்களுக்குச் சில வாட்கள் போதும்.

குறை எங்கே? சுவிட்சுகளின் அதிர்வை வடிகட்டக் கடைசியில் உள்ள காயில்-கெபாசிட்டர் ஃபில்டரில். மலிவான போர்டுகளில் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸுக்கு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) ஏற்ப உச்ச ஸ்தாயியின் அளவு ஏறும், இறங்கும். ஃபீட்பேக்கை, அதாவது பிழை திருத்துவதற்காகத் திருப்பி அனுப்பும் சிக்னலை, ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தால் இது பெருமளவு தீரும். ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், ப்யூரிஃபை நிறுவனத்தின் மாட்யூல்கள் அப்படித்தான் செய்கின்றன. டிபிஏ3255 சிப் போட்ட போர்டுகளில் சிலவற்றில் மட்டும் இது உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூடிய அலமாரி, நாளெல்லாம் ஓடும் பாட்டு என்றால் என் தேர்வு, ஃபில்டருக்குப் பின் ஃபீட்பேக் உள்ள டி. காற்றோட்டமான இடமும் ரிப்பேர் செய்ய ஆளும் இருந்தால் ஏபியையே வாங்கலாம். எதுவானாலும் கையேட்டில் சும்மா இருக்கும்போது ஆகும் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம், பல டி ஆம்ப்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. இரண்டு சேனல்களின் மைனஸையும் சேர்த்து முறுக்கிவிடாதீர்கள்.