ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் சலானைக் கையில் வாங்குங்கள்

சென்னைப் புறநகரில் வீடு கட்டுகிறவர்கள் மேல்தளம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தளத்துக்கு எம்25 தரக் கான்கிரீட்டை, ஆலையிலேயே கலந்து லாரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் நிறுவனத்திடம் வாங்கினோம். முதல் இரண்டு லாரிகளில் குறை எதுவும் இல்லை. மூன்றாவது லாரி கொளுத்தும் வெயிலில் 1.20 மணிக்கு வந்தது. கலவை வழிந்து இறங்கவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டித் தொட்டியிலிருந்து டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார். தடுத்த மேஸ்திரியிடம், "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார். லோடோடு வரும் டெலிவரி சீட்டான சலானைக் கேட்டால், இறக்கி முடித்ததும் தருவதாகச் சொன்னார். பாதிக்கு மேல் கொட்டிய பிறகுதான் கொடுத்தார். ஏற்றிய நேரம் 10.40 என்று அச்சாகியிருந்தது. அந்தப் பூஜ்யத்தின் மேல் நீலப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, 11.40 ஆக்கியிருந்தார்கள்!

ஏன் இந்தத் திருத்தம்? இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிடச் சொல்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் உண்டு. எங்களுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. தண்ணீர் பட்ட சிமெண்ட், டிரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் இறுகத்தான் செய்யும். வெயிலில் இன்னும் வேகமாக. அதன்மேல் ஊற்றும் தண்ணீர் கலவையை இளக்கும், வலிமையைத் தின்றுவிடும்.

அந்த லாரியின் கலவையிலிருந்து எங்கள் பொறியாளர் கியூப், அதாவது வலிமையைச் சோதிக்கும் கனசதுர மாதிரிக் கட்டிகள், எடுத்து வைத்தார். 28ஆம் நாள் சோதனையில், எம்25-க்கு 25 வர வேண்டிய இடத்தில், வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 17 நியூட்டன்தான் வந்தது. நிறுவனத்தின் பதில்: "பிளாண்டில் கலவை சரியாக இருந்தது, தண்ணீர் சேர்த்தது நீங்கள்." சலானின் அடியில், 'வாடிக்கையாளர் கேட்டபடி தண்ணீர் சேர்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் அவர்களே டிக் அடித்து வைத்திருந்தார்கள். பொறியாளர் அதில் கையெழுத்திட மறுத்ததுதான் இன்று எங்களிடம் உள்ள பிடி. தளத்தைத் துளைத்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் செலவையும் எங்கள் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே நேர வரம்பையும், தாமதமானால் லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் எழுத்தில் வாங்குங்கள். சலானைப் படம் எடுத்த பிறகே கலவையை இறக்க விடுங்கள். தளம் பாதியில் நிற்கிறதே என்று அவசரப்படுத்துவார்கள். கான்கிரீட் போடுவதை எங்கே நிறுத்தலாம் என்பதைப் பொறியாளரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தால், அந்த மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.